16 லக்ராஸ் மரமட்டைகளைப் பழுது நீக்க நன்கொடை தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

வலை கட்டிய நீண்ட மட்டையால் பந்தைப் பிடித்து வீசி ஆடுவது லக்ராஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஸ்டாக்போர்ட் வட்டாரத்தில் 1940களிலும் 50களிலும் அதை ஆடியவர்களின் மரமட்டைகள் 16 எங்கள் குழுவிடம் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்க எங்களுக்கு மனமில்லை. பழுது நீக்கினால், வருகிறவர்கள் கையில் எடுத்துப் பந்து பிடித்துப் பார்க்கலாம்.

அந்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் மைதானத்துக்கு ஓட வேண்டும். டிசம்பரில் 4 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். 1949 வரை துணிக்கு ரேஷன் கூப்பன் இருந்ததால், கிழிந்த ஜெர்சியைத் தைத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கின்போது வெம்பிளியில் நடந்த காட்சி ஆட்டத்தில் அமெரிக்கர்களோடு 5-5 என்று சமன் செய்தவர்களும் சம்பளம் வாங்காதவர்களே. மட்டையின் வலை தளர்ந்தால் ஆடுகிறவரே தோல் வாரை மாற்றிக் கட்டிக்கொள்வார்.

மட்டை ஹிக்கரி மரத்தாலானது. நார் ஓட்டத்தை ஒட்டிப் பிளந்து, ஆவியில் வேகவைத்து வளைப்பார்கள். நார் குறுக்கே ஓடிய மட்டை அந்த வளைவில்தான் விரிசல் விடும். எங்களிடம் உள்ளவற்றில் 5 அப்படி. மெல்லிய விரிசலுக்குள் வச்சிரப் பசை செலுத்தி, நூலால் இறுக்கிச் சுற்றினால் போதும். விரிசல் தடிமனில் பாதியைத் தாண்டியிருந்தால் அந்த மட்டையால் பந்து வீச முடியாது, பார்வைக்கு மட்டும் வைப்போம்.

பெரும் செலவு வலைக்குத்தான். ஒரு மட்டைக்குத் தோல் வார் 4 வேண்டும். அவற்றை ஈரப்படுத்தி, எடை தொங்கவிட்டு ஓர் இரவு இழுத்து வைத்த பிறகே பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் வலை தொய்ந்து பந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். மட்டையின் திறந்த பக்கத்தில் வரும் நரம்புச் சுவர், அதாவது விலங்குக் குடல் நரம்பால் பின்னிய தடுப்பு, இன்னும் தொல்லை பிடித்தது. நரம்பை ஊறவைத்துத்தான் பின்ன முடியும். காயும்போது அது சுருங்கும். ஈரத்திலேயே முழு இறுக்கமாகக் கட்டினால், காய்ந்ததும் தலைப்பகுதியை உள்ளே இழுத்துக் கோணலாக்கிவிடும். காயும்வரை உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

வார், நரம்பு, குறுக்குக் கயிறு, பின்னுபவர் கூலி எல்லாம் சேர்த்து மட்டை ஒன்றுக்கு 60 பவுண்டு. 16 மட்டைக்கு 960 பவுண்டு. ஒரு மட்டைக்கான தொகையை முழுதாகத் தரலாம், ஒரு வாருக்கானதை மட்டும் தந்தாலும் சரி. பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சினால் பந்து வாங்குவோம்.

வீட்டுப் பரணில் பழைய மட்டை கிடந்தால் அதையும் தரலாம். எண்ணெய் தடவாதீர்கள், கழுவாதீர்கள். அறுந்து தொங்கும் வாரை வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஆடியவர் முடிச்சுப் போட்ட விதம் அதில்தான் தெரியும்.

இப்படிக்கு,
மரமட்டைப் புதுப்பிப்புக் குழு