பாப்பா ஏன் அவுட் என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணம்மா,

மூன்று வாரத்துக்கு முன் போனில், பாப்பாவின் சாஃப்ட்பால் ஆட்டத்தைப் பற்றி, "இரண்டாம் பேஸுக்கு ஓடினவளை யாரும் தொடவே இல்லை, அப்புறம் எப்படிப்பா அவுட்?" என்று கேட்டாய். அதன் பிறகு போனே இல்லை. சரி, அதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

பாப்பா சீக்கிரம் கிளம்பியிருப்பாள். பேஸ்பாலில் முன்கூட்டியே நாலு அடி நகர்ந்து நிற்கலாம். சாஃப்ட்பாலில் பந்து, அதை வீசுகிற பிட்சரின் கையை விடும்வரை கால் பேஸில் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் சில லீக்குகளில் பந்து பேட்டரை எட்டும்வரை நிற்க வேண்டும். அவள் லீக்கில் எது என்று கோச்சிடம் கேள். பேஸுக்குப் பேஸ் 60 அடிதான், அதனால்தான் இவ்வளவு கறார். முதல் பேஸில் ஆரஞ்சுப் பாதி இருந்தால் அதை மிதித்து ஓடச் சொல். வெள்ளை, பந்து பிடிக்கிற பிள்ளைக்கு. மோதிக்கொள்ளக் கூடாது. ஹெல்மெட் பட்டையை மாட்டிவிடு.

நீ அனுப்பிய போட்டோ எல்லாவற்றிலும் நீயும் பாப்பாவும்தான். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? அம்மா போட்டோவைப் பெரிதாக்கி உன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலைக்கும் போய், பாப்பாவையும் ஒற்றை ஆளாக மைதானத்துக்குக் கூட்டிப்போகிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்தியிடம் பேச நேரமிருக்கிறது, எங்களிடம் பேச இல்லையா? ஹெல்மெட் பட்டை, மறந்துவிடாதே.

இன்னொரு ரூல். பேட்டர் முதல் பேஸை அடைந்த பிறகு, பிட்சர் பந்தோடு, வீசுகிற இடத்து வட்டத்துக்குள் நின்றால், மற்ற பேஸில் நிற்பவள் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவுட்.

அப்போது உனக்கு 12 வயது. நியூ ஜெர்சி எடிசனில், கடைசி இன்னிங்ஸ். நீ மூன்றாம் பேஸில் நிற்கிறாய். நாலு பந்து தப்பாக வந்ததால் பேட்டர் அடிக்காமலே, வாக்கில் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிட்சர் பந்தோடு வட்டத்துக்குள் உனக்கு முதுகைக் காட்டி நின்றாள். எனக்குக் கிரிக்கெட் புத்தி. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து "ஓடு, ஓடு" என்று கத்தினேன். உன் கால் பேஸை விட்டது. திரும்பி என்னைப் பார்த்தாய். அம்பயர் கையை உயர்த்திவிட்டார்.

காரில் "ரூல்கூடத் தெரியாமலா ஆடுகிறாய்" என்று திட்டினேன். நீ ஷூவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தாய். "நீங்கள்தானே கத்தினீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி ரூல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ரூல் தெரியாதவன் நான்தான். உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நீ ஆட்டத்தை விட்டாய். படிப்புக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அதற்கப்புறமும் கத்தியிருக்கிறேன். உன் கல்யாணப் பேச்சின்போதும். இந்தத் தடவை கத்த மாட்டேன், கண்ணம்மா.

பாப்பாவின் அடுத்த ஆட்டம் எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் எழுது. டாலஸுக்கு டிக்கெட் போடுகிறேன். அம்மா மாடி அறையில் இரண்டு கட்டிலுக்கும் புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

அப்பா