நீரிழிவு ஆய்வுகளில் வன்னி மக்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு இந்தியாவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதத்தாலும், மெட்போமின் மாத்திரை 26.4 சதவீதத்தாலும் குறைத்தன. இரண்டையும் சேர்த்தபோது மேலதிகப் பயன் கிடைக்கவில்லை. எம்மைப் போலவே சோறுண்ணும் மக்களும் பங்குகொண்ட ஆய்வு என்பதால், மேலைநாட்டு முடிவுகளைவிட இதனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் வன்னிக்கென்று தனிக் கேள்விகள் உண்டு. போரில் ஒரு காலை இழந்து, செயற்கைக்காலுடன் வயல் வரம்பில் நடப்போர் எம்மிடையே பலர். அவர்களுக்கு நீரிழிவு ஏற்பட்டு, எஞ்சியிருக்கும் பாதத்தின் நரம்புகள் உணர்விழந்துவிட்டால், முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண் ஆழமாகிவிடும். அந்தக் காலையும் இழப்பது ஒரு குடும்பத்துக்கு என்னவென்று இங்குள்ளோருக்குச் சொல்லத் தேவையில்லை. அதுமட்டுமன்றி, செயற்கைக்கால் உராயும் இடத்தில் உண்டாகும் காயமும் அவர்களுக்கு எளிதில் ஆறாது.

நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கச் சில நிமிடங்களே போதும். அச்சோதனையை எல்லாக் கிராமிய கிளினிக்குகளிலும் ஆண்டுதோறும் செய்யுமாறு மாகாண சுகாதாரத் துறையினரையும், காலிழந்த நீரிழிவு நோயாளரைத் தம் ஆய்வுகளில் சேர்த்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிடுமாறு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினரையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கிளிநொச்சி.