எட்டு மணிக்குப் பசியாறக்கூடாதா?

எங்கள் ஊர் கிளினிக் நிர்வாகத்தினருக்கும், அறிவிப்புகளைத் தமிழாக்கித் தருவோருக்கும்,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. பேராக் ரப்பர் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர்; எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். போன மாதம் அவர் கையில் நீங்கள் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: ‘குருதிப் பரிசோதனைக்கு முன்பாக எட்டு மணி நேர உணவுத்தவிர்ப்பு கடைப்பிடிக்கப்படவேண்டியது இன்றியமையாததாகும்.’

அம்மாவுக்குப் பிடிபட்டது ‘எட்டு மணி’ மட்டும். பரிசோதனையும் எட்டு மணிக்கு. எட்டு மணிக்குச் சாப்பிடக்கூடாதாம் என்று, ஆறரைக்கே இரண்டு தோசையும் கோப்பியுமாகப் பசியாறிவிட்டுப் போனார். தாதி அன்பாகத்தான் பேசினார். ஆனால் திருப்பி அனுப்பாமல் வேறென்ன செய்வார்? மூன்று வாரம் கழித்து வேறு தேதி. “நான் ஒரு மக்கு” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார் அம்மா. அந்தச் சொல்தான் இதை எழுத வைத்தது.

‘இரவு 12 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள். தண்ணீர் குடிக்கலாம். காலையில் பசியாறாமல் வாருங்கள்.’ இவ்வளவுதானே விஷயம்? தாதி வாயால் சொல்லும்போது இப்படித்தான் சொல்கிறார். தாளில் ஏறியதும் ஏன் ‘தவிர்ப்பு’ ஆகிவிடுகிறது?

என் அக்காள் மகனுக்கு டிஸ்லெக்சியா; எழுத்துகளை வாசிப்பதில் சிரமம். ‘கொ’ என்று வாய் சொல்வதற்குள் அவன் கண் ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால் என்று மூன்றைப் பொறுக்க வேண்டும். கொம்போ முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கடைப்பிடிக்கப்படவேண்டியது’ அவனுக்கு ஒரு சொல் அல்ல, ஒரு மலையேற்றம். போதாக்குறைக்கு, மலாய்க்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் தமிழைச் சுருக்கி அடைக்கிறீர்கள். எளிய வாசிப்புக்கான ஐரோப்பிய வழிகாட்டி 14 புள்ளி அளவுக்குக் குறையாத எழுத்தைக் கேட்கிறது. தாளை அச்சிடுமுன் வாசிக்கச் சிரமப்படுவோரிடமே கொடுத்துப் பார்க்கவும் சொல்கிறது. நம் மலேசியாவிலும், தகவல் பெறுவதில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்கிறது 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 30ஆவது பிரிவு. சலுகை கேட்டு எழுதவில்லை.

புதிய தாள் அடிக்குமுன் வாசித்துப் பார்க்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள். அம்மாவையும் பையனையும் அழைத்து வருகிறேன். அன்றைக்குப் பசியாறிவிட்டே வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் கிளினிக்குக்கு வரும் ஒரு தாயின் மகள்