மேட் வண்டிக்கு பாலிஷ் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் காரைப் புதுசு போல வைத்துக்கொள்ள சில குறிப்புகள் வந்திருந்தன. நல்ல குறிப்புகள்தான். ஆனால் 'அவ்வப்போது வாக்ஸ் போடுங்கள், சின்னக் கீறல்களை பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம்' என்ற வரியைப் படித்ததும் பேப்பரை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். எங்கள் காரின் பெட்ரோல் மூடியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கார் மேட் பெயிண்ட், அதாவது பளபளப்பே இல்லாத பெயிண்ட், அடித்தது. சாம்பல் நிறம். மகள் ஆசைப்பட்டு வாங்கினாள், வேலைக்காக வெளியூர் போனவள் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பார்த்தால் பிரைமர் அடித்ததோடு வேலையை நிறுத்திவிட்ட வண்டி மாதிரி இருக்கும். "எப்ப டீச்சர் கலர் அடிக்கப்போறீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஒரு நாள் சாயங்கால வெயிலில் கதவின் வளைவு முழுக்க வெளிச்சம் வழுக்கி ஓடாமல் அப்படியே படிந்து நிற்பதைப் பார்த்தேன். அப்புறம் பிடித்துப்போயிற்று.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பெட்ரோல் போட்டபோது மூடிக்குக் கீழே சில சொட்டு வழிந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மங்கலாக ஒரு கோடு. பழைய காருக்கு வாங்கிய பாலிஷ் அலமாரியில் பாதி டப்பா மீதி இருந்தது. பழைய பனியன் துணியில் கொஞ்சம் எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தேன். கோடு போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது, உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் மட்டும் வழுக்கை விழுந்த மாதிரி மின்னுகிறது. சரி, ஓரத்தையும் கொஞ்சம் தேய்த்தால் வித்தியாசம் தெரியாமல் கலந்துவிடும் என்று நினைத்தேன். உள்ளங்கை அகலம் இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலம்.

பெயிண்டர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். குனிந்து, தலையைச் சாய்த்து, கண்ணை அந்த பேனலுக்கு, அதாவது அந்தத் தகட்டுப் பகுதிக்கு, மட்டமாக வைத்துப் பார்த்தார். "தேய்ச்சீங்களாம்மா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "இதை இனி ஒண்ணும் பண்ண முடியாது, பேனல் முழுசும் அடிச்சாதான் உண்டு" என்று சொல்லிவிட்டார்.

31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. மேட் வண்டியில் அடியில் இருக்கும் கலர் மற்ற வண்டிகளில் இருப்பதைப் போலத்தான். வித்தியாசம் அதற்கு மேலே அடிக்கிற, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டில். அதில் பளபளப்பைக் குறைக்க மிக நுண்ணிய சிலிக்காத் துகள்களைச் சேர்க்கிறார்கள். காய்ந்த பிறகு மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக நிற்கும். விழுகிற வெளிச்சம் ஒரே திசையில் திரும்பாமல் நாலா பக்கமும் சிதறும். நாம் மேட் என்று சொல்வது இந்தச் சொரசொரப்பைத்தான். பளபள வண்டியில் பாலிஷ் போட்டால் கிளியர் கோட் ஒரு துளி தேய்ந்து, கீறலும் அதோடு போய்விடும். மேட் வண்டியிலோ பாலிஷ் முதலில் சீவி எடுப்பது அந்த மேடுகளை. சீவியதைத் திரும்ப வளர்க்க எந்த டப்பாவிலும் மருந்து கிடையாது. வாக்ஸின் கதை வேறு, அது பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு திட்டுத் திட்டாகத் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு வகுப்பறைக் கரும்பலகைதான் நினைவுக்கு வந்தது. புதிதாக அடித்த பலகை சொரசொரவென்று இருக்கும், சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கும். சில வருடம் டஸ்டரால் தேய்த்த பின் நடுப்பகுதி வழவழப்பாகிவிடும். ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து "டீச்சர், போர்டு மின்னுது, எழுத்து தெரியல" என்று குரல் வரும். நடுவில் மட்டும் கறுப்பு அடித்துப் பார்த்தோம், திட்டாகத் தெரிந்து இன்னும் மோசமாயிற்று. கடைசியில் பலகை முழுக்கத்தான் அடிக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடம் இதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் பனியன் துணியை எடுத்திருக்கிறேன்.

பேனல் முழுசும் அடிப்பதும் சுலபமில்லை. எவ்வளவு கனமாக அடிக்கிறோம், கலவை எப்படி, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதைப் பொறுத்து மினுக்கம் மாறும். பக்கத்துக் கதவோடு ஒத்துப்போகாவிட்டால் அடித்தும் பயனில்லை. முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, அதை வண்டியின் மேல் வைத்துப் பார்த்த பிறகே ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுப்பேன் என்றார் அந்த பெயிண்டர். நான் இன்னும் அடிக்கக் கொடுக்கவில்லை.

பறவை எச்சத்துக்கும் உங்கள் குறிப்பில் 'உடனே துடைத்துவிடுங்கள்' என்று இருந்தது. உடனே என்பது சரி, துடைப்பதுதான் தப்பு. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, மண்ணும் விதைத் தோலும்கூட இருக்கும். வெயிலில் சூடேறிய கிளியர் கோட்டில் அது சீக்கிரம் அரித்துத் தடம் பதித்துவிடும். அந்தத் தடத்தையும் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. காய்ந்ததைத் தேய்த்தாலோ உள்ளே இருக்கும் மண் கீறும். நான் செய்வது இதுதான்: கதவுப் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் கிடக்கும். ஒரு துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து எச்சத்தின் மேல் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்பேன். அழுத்தக் கூடாது. ஊறிய பின் துணியோடு சேர்த்து மேலாகத் தூக்கினால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். மிச்சம் இருந்தால் இரண்டாவது துணி. செத்து ஒட்டிய பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்தான்.

கழுவுவதில் பெரிய மர்மம் இல்லை. நிழலில், வண்டி ஆறிய பிறகு, இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணியை அலசத் தண்ணீர். ஷாம்பூ அமிலமும் காரமும் இல்லாத, நடுநிலையான பி.எச் உள்ளதாக இருக்க வேண்டும், வாக்ஸ் கலந்தது என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். சுழலும் பிரஷ் வைத்த தானியங்கி வாட்டர் வாஷ் பக்கமே போகக் கூடாது. டயருக்கு மினுக்கம் போடும் திரவத்தை மறந்துவிடுங்கள், ஓடும்போது தெறித்து மட்கார்டில் எண்ணெய்ப் பொட்டு வைக்கும். கழுவிய பின் தானாகக் காயட்டும் என்று விட்டால் உப்புத் தண்ணீரின் வெள்ளை வட்டங்கள் நின்றுவிடும். துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள்.

இன்னொன்று, தங்கள் வண்டி மேட் என்றே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. பி.எம்.டபிள்யூ இதை 'ஃப்ரோஸன்' என்கிறது, மெர்சிடிஸ் 'மேக்னோ' என்கிறது. முழு மேட்டுக்கும் பளபளப்புக்கும் நடுவில் 'சாட்டின்' என்று ஒன்றும் உண்டு, அதற்கும் இதே பத்தியம்தான். இனிமேல் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: சாதாரணப் பளபள வண்டியை வாங்கி, அதன் மேல் மேட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம். பார்க்க மேட், கெட்டுப்போனால் அந்தத் துண்டை மட்டும் உரித்து மாற்றலாம். ஏற்கெனவே மேட் வண்டி வைத்திருப்பவர்கள் தெரியாமல் பளபள ஃபிலிமை ஒட்டிவிட்டால் வண்டியே பளபளவென்று ஆகிவிடும். பெயிண்டின் மேல் பாதுகாப்புக் கோட்டிங் போடுவதென்றாலும் மேட்டுக்கென்று தயாரித்ததைத்தான் போட வேண்டும்.

இதெல்லாம் எங்கள் வண்டியின் கையேட்டிலேயே தனிப் பக்கமாக இருக்கிறது. கேள்வித்தாளை முழுசாகப் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள் என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொன்னவள், கையேட்டைப் பிரித்ததே பெயிண்டர் போன பிறகுதான். அடுத்த முறை இப்படிக் குறிப்புகள் போடும்போது, 'மேட் பெயிண்ட் வண்டிகளுக்குப் பொருந்தாது' என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தை வெளியிடுவதானால் தயவுசெய்து என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். மகள் அடுத்த மாதம்தான் வருகிறாள். அதுவரை வண்டியை பெட்ரோல் மூடிப் பக்கம் சுவரை ஒட்டினாற்போல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை