சேமிக்கும்போதுதான் பட்டியல் கெடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையதளத்திலிருந்து இறக்கிய பெயர்ப் பட்டியலை எக்செலில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் வரிவரியாக நிற்கின்றன. பள்ளி அலுவலகமானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'ஃபான்ட் இல்லை', அதாவது எழுத்துரு இல்லை. பிறகு யாராவது உட்கார்ந்து அத்தனை பெயரையும் திரும்பத் தட்டச்சு செய்கிறார்கள். அந்த உழைப்பு முழுக்க வீண். கோப்புக்குள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. எக்செல்தான் அதைத் தவறாகப் படித்திருக்கிறது.

திரையைச் சற்று உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அதை ஒட்டி வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', பிறகு வேறு ஏதோ ஒரு குறி. திரும்பவும் அதே 'ஏ'. எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில், தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட்டாக (பைட் என்பது கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகு) பதிவாகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். இறக்கிய பட்டியல் சிஎஸ்வி வகைக் கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துகள். அதை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்த 'ஏ' விடாமல் வருகிறது. இங்கே எந்த ஃபான்ட்டை நிறுவியும் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். கோப்பைச் சொடுக்காமல், முதலில் எக்செலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறக்க வேண்டும். 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் முன்னோட்டம் வரும். அதன் மேலே 'ஃபைல் ஒரிஜின்' என்ற இடத்தில் '65001: யூனிகோட் (யுடிஎஃப்-8)' என்று மாற்றியதும் தமிழ் அங்கேயே தெரிந்துவிடும். பலரும் இந்த மகிழ்ச்சியில் உடனே 'லோட்' கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள், 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வுக்குள் போங்கள். தொலைபேசி, வங்கிக் கணக்கு, ஆதார் எண் உள்ள பத்திகளின் தலைப்பருகே '123' என்றிருக்கும். அதைச் சொடுக்கி 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்கும். 'ரீப்ளேஸ் கரன்ட்' என்பதே சரியான பதில். மற்றதை அழுத்தினால் எண்ணாக மாற்றிய பிறகே எழுத்தாக மாற்றும், அதற்குள் முன்னால் இருந்த பூஜ்யம் போயிருக்கும். கடைசியாக 'குளோஸ் அண்ட் லோட்'.

இதைத் தவிர்த்தால் திருச்சியின் தொலைபேசிக் குறியீடான 0431 வெறும் 431 ஆகும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும், ஏனெனில் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு இலக்க ஆதார் இன்னும் மோசம். 123456789012 என்பதை 1.23457 என்று சுருக்கி, 'ஈ'யும் கூட்டல் குறியும் 11-ம் சேர்த்துக் காட்டும். அப்போதுகூட உள்ளே எண் முழுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவதே கோப்பில் போய் உட்காரும். மறுமுறை திறந்தால் 123457000000. அதன்பின் அந்த எண்ணை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியே கிடையாது. எனவே இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, வேலையை எக்செலின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் சேமியுங்கள். சிஎஸ்விதான் வேண்டும் என்று கேட்டால், 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அதையும் மீட்க முடியாது.

எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்போருக்குச் சிரமம் குறைவு. அது எழுத்துமுறையையும் பத்தி வகையையும் திறக்கும்போதே கேட்டுவிடுகிறது.

உண்மையிலேயே ஃபான்ட் சிக்கல் என்பது வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலத் தட்டல்கள்தான். திரையில் இப்படித் தலைக்கோடு எதுவுமில்லாத ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடந்தால் அது பழைய எழுத்துரு; அந்த எழுத்துருவைத் தேடி நிறுவுவதைவிட யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் மட்டும் நிர்மலா யுஐ, லதா போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

பட்டியல்களை வெளியிடும் இணையதளங்களை அமைப்போருக்கு ஒரு வேண்டுகோள். சிஎஸ்வியின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 அடையாளமான மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிட்டால், இரட்டைச் சொடுக்கிலேயே தமிழ் சரியாகத் திறக்கும். நிரலில் அது ஒரு வரி வேலை. அப்போதும் எண்களின் பூஜ்யம் போகும் என்பதால், எண் பத்திகளை எழுத்து வகையாக அமைத்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பையும் பக்கத்திலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்,
திருச்சி