தூண்டில் நரம்பில் சிக்கும் பறவைகளுக்குப் பராமரிப்பு இடம் கோரும் மனு

அனுப்புநர்: கடலோரக் குடியிருப்பாளர்கள், பாகான் ஆஜாம், பட்டர்வொர்த்.

பெறுநர்: மாநில இயக்குநர், வனவிலங்கு மற்றும் தேசியப் பூங்காத் துறை (பெர்ஹிலித்தான்), பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரை நீளும் சேற்றுக்கரைக்கு ஆண்டுதோறும் வடபுலத்திலிருந்து உள்ளான்கள் எனும் கரைப்பறவைகள் வலசை வருவதைத் தாங்கள் அறிவீர்கள். தூண்டில் போடுபவர்கள் சிக்கலாகிப்போன நரம்பை (தூண்டில் இழையை) அறுத்து அதே கரையில்தான் வீசிச் செல்கிறார்கள். சேற்றில் கிடக்கும் அந்த நிறமற்ற நரம்பு நம் கண்ணுக்கே எளிதில் படுவதில்லை.

சென்ற மாதம் கரையோரப் பாக்காவ் (அலையாத்தி) மரமொன்றில் கருடன் எனப்படும் செம்பருந்து ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நரம்பு அதன் இடக்காலை மூன்று சுற்றுச் சுற்றித் தோலுக்குள் புதைந்திருந்தது. துண்டால் போர்த்திப் பிடித்து, சிறு கத்தரியால் நரம்பை அறுத்தோம், பறந்தது, மகிழ்ந்தோம். நான்காம் நாள் அதே மரத்தடியில், கால் கறுத்து, பறக்க மாட்டாமல் கிடந்து இறந்தது. இரத்த ஓட்டம் தடைப்பட்ட கால், நரம்பை நீக்கிய பிறகும் சில நாள் கழித்து அழுகக்கூடும் என்பதும், ஆகவே அறுத்த கையோடு பறவையை விட்டுவிடக் கூடாது என்பதும் பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியவந்தன. கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் நாங்கள். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றி வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி (சட்டம் 716) குற்றம். அது சரியான சட்டமே. பருந்துக்குச் சோறூட்டப் பார்க்கும் அன்பர்களும் எங்களிடையே உண்டு.

ஆகவே, அடிபட்ட பறவைகளை ஒரு வாரமேனும் வைத்துக் கவனிக்க ஓர் இடமும், விடுவிக்கும் முன் சிறகின் வலுவைப் பார்க்கப் போதிய நீளமுள்ள கூண்டும், பறவை மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரின் சேவையும் எங்கள் வட்டாரமான செபராங் பிறையிலேயே கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, வார இறுதியிலும் பறவையை ஒப்படைக்க ஓர் ஏற்பாடு இருந்தால் போதும். இருட்டான, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து நாங்களே கொண்டுவருகிறோம்.

தூண்டில் போடும் இடங்களில், கழிவு நரம்பைப் போட மூடி கொண்ட பிவிசி குழாய்களைப் பொருத்த மாநகர் மன்றத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். 2011 முதல் எல்லா நாளும் இலவச நெகிழிப் பையை நிறுத்திக் காட்டிய மாநிலத்துக்கு இது பெரிய காரியமன்று.

தாங்கள் வற்றுநீர் வேளையில் வந்து பார்வையிட்டால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பொறுக்கிய நரம்பையும் தூண்டில் முட்களையும் ஒரு பிஸ்கட் டின் நிறையக் காட்டுவோம்.

நன்றி.

இப்படிக்கு,
பாகான் ஆஜாம் குடியிருப்பாளர்கள்