பர்மா பாயின் துருத்தி

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

அம்மாவின் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசணும், பர்மா பாய் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாய். ஆடி மாசம் தவறிட்டார்டா. வயசு 88. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ரங்கூனில் அவங்க அப்பாவுக்குப் பாத்திரக் கடை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார், அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகள் அரசுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் கையிருப்பும் போச்சு. கப்பலேறி வந்தவரிடம் மிஞ்சியது கைத்தொழில்தான். தவாய், மெர்குயி பக்கம் வெள்ளீயச் (டின்) சுரங்கம் இருக்கிற நாடு அது. பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் அதுதான். வெள்ளீயத்தை அவர் அளவுக்கு அறிந்தவர் நம்ம பக்கம் கிடையாது.

பழையபேட்டையில் வாசலிலேயே குழி வெட்டி, துருத்தி மூக்கைப் புதைத்துக் கரியடுப்பு போட்டிருந்தார். பாத்திரத்துக்குள் மணலும் புளியும் போட்டு, சாக்கின் மேல் ஏறி நின்று, இடுப்பை இடமும் வலமுமாகத் திருப்பிக் காலாலேயே தேய்ப்பாரே, பாதி வேலை அதுதான். களிம்போ எண்ணெய்ப் பிசுக்கோ துளி இருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. தேய்த்த பிறகு வேர்வைக் கை பட்டால்கூட விரல் தடம் கறுப்பாக நின்றுவிடும்.

அப்புறம் சூடு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக உறையும், மிஞ்சினால் மஞ்சள் பாய்ந்து மங்கும். ஒரு சிட்டிகை நவச்சாரத்தை (அம்மோனியம் குளோரைடு உப்பு) தூவி, வெள்ளைப் புகை எழும் வேகத்தைப் பார்த்தே பதம் சொல்வார். ஈயக் குச்சியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் வட்டமாக வழித்தால் கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஆகிவிடும்.

காரீயம் (லெட்) மலிவு. வெள்ளீயத்தோடு கலந்தால் 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும், வேலையும் சுலபம். ஆனால் புளிக்குழம்பில் கரைந்து இறங்கும் விஷம் அது. பாய் அதைக் கையால் தொடமாட்டார். குச்சியைக் காதருகே வளைப்பார். சுத்தமான வெள்ளீயம் என்றால் கிரீச்சென்று கத்தும். கத்தாத குச்சியை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மூன்று பெண்கள், ஒரு பையன். நவச்சாரப் புகை நெஞ்சைப் பிடிக்கும் என்று, காற்று வீட்டுப் பக்கம் திரும்பினால் அடுப்பை அவித்துவிடுவார். குளிக்காமல் பிள்ளைகளைத் தூக்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கூலிக்குப் பதில் ராகி தந்தாலும் வாங்கிக்கொள்வார், வீட்டில் ஆறு வாய் இருந்ததே. எவர்சில்வர் வந்து தொழில் படுத்தபோது கல்யாண பிரியாணி தேக்சாக்கள்தான் கைகொடுத்தன. அந்த வருமானத்தில் கடைசிப் பெண்ணை டீச்சர் டிரெய்னிங் வரை படிக்க வைத்தார். என்ன மாதிரி மனுஷன்டா!

துருத்தி இப்போது இரண்டாவது மாப்பிள்ளையிடம் இருக்கிறது. பாயிடமே பழகின கை, நம்பிக் கொடுக்கலாம். மார்கழிக் கடைசியில் கூட்டம் சேரும், அதற்கு முன்னால் அண்டாவைக் கொண்டு வா. அடியில் ஓட்டை இருந்தால் முதலில் பற்றவைத்துவிடு, பூசிய பிறகு பற்றவைத்தால் அந்தச் சூட்டில் ஈயம் ஓடிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு வெறும் அண்டாவை அடுப்பில் ஏற்றவே கூடாது. கம்பி நாரும் வேண்டாம், தேங்காய் நார் போதும்.

அன்புடன்,
உன் நண்பன்